ஆல்பர்ட் பூஹோல்ஸ் முன்பே ஓய்வு பெற்றிருக்க வேண்டுமா?

பேஸ்பால் ரசிகர்களிடையே ஆல்பர்ட் பூஹோல்ஸின் பெயர் எழுந்தால் பேச்சு பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் போகிறது. முதல் பதினோரு ஆண்டுகள் எவருக்கும் எட்டாத உயரம். அதன்பின் கலிஃபோர்னியாவில் கழிந்த பத்தாண்டுகள் வீண். 24 கோடி டாலர் தண்டம். உடல் ஒத்துழைக்காது என்று தெரிந்ததுமே அவர் கௌரவமாக விலகியிருக்க வேண்டும். இந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. அவர் சரிந்தார் என்பதை மறுக்க முடியாது, எண்களே அதைச் சொல்கின்றன. ஆனால் அந்தச் சரிவில் எவ்வளவு அவருடைய உடலின் பங்கு, எவ்வளவு அவரைப் பயன்படுத்திய விதத்தின் பங்கு என்ற கேள்வியை நாம் சரியாகக் கேட்கவே இல்லை என்று நினைக்கிறேன்.

உயரத்தைச் சொல்லாமல் சரிவைப் பற்றிப் பேசுவது நியாயமாகாது. டொமினிகன் குடியரசின் சாண்டோ டொமிங்கோவில் 1980இல் பிறந்த பூஹோல்ஸ், பாட்டியின் கவனிப்பில் வளர்ந்து, பதின்ம வயதில் குடும்பத்தோடு அமெரிக்காவுக்கு வந்து, மிசூரி மாநிலத்தில் பள்ளிப் படிப்பை முடித்தவர். 1999ஆம் ஆண்டு வீரர் தேர்வில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணி அவரை 13ஆவது சுற்றில், 402ஆவது ஆளாகத்தான் எடுத்தது. அவருக்கு முன்னால் 401 இளைஞர்களை அணிகள் தேர்ந்தெடுத்திருந்தன. இரண்டே ஆண்டுகளில், 2001இல், அவர் முதன்மை லீகில் இறங்கி 37 ஹோம் ரன்களும் (பந்தை மைதான மதிலுக்கு மேலே அனுப்பும் அடி) 130 ரன் உந்தல்களும் (தன் அடியால் அணிக்குச் சேரும் ரன்கள்) எடுத்து, ஒருமனதாக ஆண்டின் சிறந்த புதுமுகம் என்ற விருதைப் பெற்றார். அதிலிருந்து 2010 வரை தொடர்ந்து பத்து ஆண்டுகள், ஒவ்வோர் ஆண்டும் 0.300க்குக் குறையாத சராசரி, 30க்குக் குறையாத ஹோம் ரன், 100க்குக் குறையாத ரன் உந்தல். பத்து முறை மட்டையேந்தி மூன்று முறை ஹிட் எடுத்தாலே, அதாவது பந்தை அடித்துவிட்டு பேஸ் எனப்படும் ஓட்ட நிலையைப் பத்திரமாக அடைந்தாலே (0.300 சராசரி), சிறந்த பேட்டர் என்று கொண்டாடும் ஆட்டம் இது. அதில் பதினோரு ஆண்டுகளின் முடிவில் அவருடைய மொத்தச் சராசரி 0.328 ஆக நின்றது. 2005, 2008, 2009 ஆகிய மூன்று ஆண்டுகளில் லீகின் மிக மதிப்புமிக்க வீரர் விருது, 2006இலும் 2011இலும் இரு லீக்குகளின் வெற்றியாளர்கள் மோதும் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் கோப்பை.

அவருடைய மேன்மையை ஒரே எண்ணில் சொல்லச் சொன்னால் நான் 2006ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வேன். அந்த ஆண்டு அவர் 49 ஹோம் ரன்கள் அடித்தார். பந்தை அடிக்க முடியாமல் அவுட்டாகும் ஸ்ட்ரைக் அவுட் 50 முறைதான். பலமாக வீசி அடிப்பவர்கள் அடிக்கடி கோட்டைவிடுவார்கள் என்பது இந்த ஆட்டத்தில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட விலை. அந்த விலையைக் கொடுக்காமலே பலத்தைப் பெற்றிருந்தவர் பூஹோல்ஸ். கால்களை அகல ஊன்றி, முழங்கால்களை மடக்கி, கைகளை வலது காதுக்குப் பின்னால் உயர்த்தி அவர் நிற்பார். பந்து வரும்போது முன்னால் பெரிய எட்டு எதுவும் எடுத்துவைக்க மாட்டார். இடது காலின் குதிகால் சற்றே எழுந்து மறுபடி தரையில் படியும், அவ்வளவுதான். அடியின் விசை முழுவதும் தரையிலிருந்து கால் வழியாக இடுப்புக்கு ஏறி மட்டைக்குப் போகும்.

அதை ஒரு முறையாவது பார்க்க விரும்புவோர் 2005 அக்டோபர் 17 அன்று ஹூஸ்டனில் நடந்த ஆட்டத்தைத் தேடிப் பார்க்கலாம். ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட், கார்டினல்ஸ் 4-2 என்று பின்தங்கியிருக்கிறது. இன்னும் ஒரு அவுட் கிடைத்தால் ஹூஸ்டன் தன் வரலாற்றில் முதன்முறையாக உலகத் தொடருக்குப் போய்விடும், மொத்த மைதானமும் எழுந்து நிற்கிறது. இரண்டு பேர் பேஸில் இருக்க, ஹூஸ்டன் பந்துவீச்சாளர் பிராட் லிட்ஜ் வீசிய ஸ்லைடரை (பக்கவாட்டில் விலகும் பந்து) பூஹோல்ஸ் இடது பக்க மதிலுக்கு மேலே ரயில் தண்டவாளத்தை ஒட்டிய கண்ணாடிச் சுவர் வரை அனுப்பினார். பந்து மட்டையை விட்டுக் கிளம்பிய நொடியில் அந்தப் பெருங்கூட்டத்தின் சத்தம் முழுவதும் அடங்கிப்போனதைப் பதிவில் கேட்கலாம். அடுத்த ஆட்டத்தில் ஹூஸ்டன் வென்று உலகத் தொடருக்குப் போய்விட்டது என்பது வேறு விஷயம். அந்த அடியை ஹூஸ்டன்காரர்கள் இன்றும் மறக்கவில்லை.

இனி பணத்தைப் பற்றி. 2011 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் ஏஞ்சல்ஸ் அணி அவருக்குப் பத்தாண்டுகளுக்கு ஏறக்குறைய 24 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அப்போது அவருக்கு 32 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. ஒப்பந்தம் முடியும்போது 41 ஆகும். முதல் ஆண்டில் 1.2 கோடியாகத் தொடங்கும் சம்பளம் ஆண்டுக்காண்டு ஏறிக் கடைசி ஆண்டில் 3 கோடியாகும்படி அந்த ஒப்பந்தம் எழுதப்பட்டிருந்தது. ஒரு விளையாட்டு வீரனின் உடல் இறங்கிக்கொண்டே போகும் என்று தெரிந்தே சம்பளம் ஏறிக்கொண்டே போகும்படி கையெழுத்திட்டவர்கள் அணியின் உரிமையாளரும் நிர்வாகமும். பிறகு ஒவ்வோர் ஆண்டும் அந்தத் தொகையைச் சுட்டிக்காட்டிப் பழிக்கப்பட்டவர் மட்டும் வீரர்.

இந்த ஆட்டத்தின் சம்பள முறையையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆறு ஆண்டுகள் ஆடி முடிக்கும் வரை ஒரு வீரர் வேறு அணிகளோடு சுதந்திரமாகப் பேரம் பேச முடியாது. அதிலும் முதல் சில ஆண்டுகளில் அணி கொடுப்பதுதான் சம்பளம். 2001இல் பூஹோல்ஸ் பெற்றது லீகின் குறைந்தபட்சமான 2 லட்சம் டாலர். 2003இல் 0.359 சராசரியோடு லீகின் முதல் பேட்டராக நின்று 43 ஹோம் ரன்கள் அடித்த ஆண்டில்கூட அவருடைய சம்பளம் 10 லட்சம் டாலரைத் தொடவில்லை. அடுத்து வந்த ஏழாண்டு ஒப்பந்தமும் அவர் ஆடிய ஆட்டத்துக்கு மலிவு. உழைப்பு உச்சத்தில் இருக்கும்போது குறைத்துக் கொடுத்து, அது தேய்ந்தபின் கூட்டிக் கொடுப்பதுதான் இங்கே நெடுங்காலமாக உள்ள ஏற்பாடு. ஆகவே அந்த 24 கோடியில் பெரும்பங்கை நான் பழைய பாக்கியாகவே பார்க்கிறேன். அதைக் கொடுத்தது வேறு அணி என்பது ஏஞ்சல்ஸின் துரதிர்ஷ்டம். வாங்கியவரின் குற்றம் அன்று.

சரிவு மெதுவாகத் தொடங்கியது. 2012இல் புதிய அணியில் முதல் ஹோம் ரன் அடிக்க அவர் மே மாதம் 6ஆம் தேதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது, ஆனாலும் ஆண்டு முடிவில் 30 ஹோம் ரன்கள் இருந்தன. 2013இல் இடது பாதத்தின் அடித்தசைநார் அழற்சி முற்றிக் கிழிந்து, ஜூலையோடு அவருடைய ஆண்டு முடிந்துபோனது. அதன்பிறகு கால்களிலும் முழங்காலிலும் அறுவைச் சிகிச்சைகள். 2015இல் 40 ஹோம் ரன்கள் அடித்தார், ஆனால் சராசரி 0.244. 2017இல் 0.241. அந்த ஆண்டு அவர் பேஸை அடைந்த விகிதம் 0.286 மட்டுமே, எளிதில் கிடைக்கக்கூடிய மாற்று வீரர் ஒருவரோடு ஒப்பிட்டு மதிப்பிடும் கணக்கில் அவர் சுழியத்துக்கும் கீழே போனார். அந்தக் கோடையில்தான் அவர் தன் 600ஆவது ஹோம் ரனையும் அடித்தார்.

இதில் எனக்கு மிக வேதனையாகத் தோன்றுவது, அவரை வீழ்த்தியது அவருடைய குறை அன்று என்பதுதான். முதுமையில் பல பேட்டர்களுக்குக் கண்ணும் கையும் மந்தமாகி ஸ்ட்ரைக் அவுட்கள் பெருகும். பூஹோல்ஸுக்கு அப்படி நேரவில்லை. பந்தை மட்டையில் படவைக்கும் திறன் கடைசி வரை அவரிடம் இருந்தது. ஆனால் கால்களிலிருந்து விசை ஏறாதபோது, முன்பு மதிலைத் தாண்டிய பந்து இப்போது தரையில் உருண்டு இடது பக்கம் நின்றவர் கைக்குப் போயிற்று. அவர் மெதுவாகத்தான் ஓடுவார் என்று தெரிந்ததால் எதிரணியின் உள்வட்டக்காரர்கள் (பேஸ்களின் அருகே நிற்கும் தடுப்பாளர்கள்) புல்வெளி வரை பின்வாங்கி, அவர் வழக்கமாக அடிக்கும் பக்கத்திலேயே குவிந்து நின்றார்கள். வேகமாக ஓடும் ஒருவருக்கு ஹிட் ஆகியிருக்கும் பந்துகள் அவருக்கு அவுட் ஆயின. முதல் பேஸில் வேறொருவர் நின்றிருந்தால், ஒரே பந்தில் இருவரும் வெளியேறும் இரட்டை அவுட் ஆயின. வாழ்நாளில் அவர் இப்படி இரட்டை அவுட்டில் முடித்தது 426 முறை, லீகின் வரலாற்றில் எவரையும்விட அதிகம். முதல் பேஸை நோக்கி அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட, அவர் பாதி வழி வருவதற்குள் பந்து அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். அந்தக் காட்சியைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. எனக்கு அது ஒருபோதும் சிரிப்பாக இருந்ததில்லை.

இப்படி ஒரு பேட்டர் ஆகிவிட்டபோது ஏஞ்சல்ஸ் என்ன செய்தது? மைக் ட்ரவுட்டுக்குப் பின்னால், வரிசையின் நடுவில், நாள் தவறாமல், எந்தப் பந்துவீச்சாளராக இருந்தாலும் அவரையே இறக்கியது. 2017இல் அவர் 101 ரன்கள் உந்தியதாகக் கணக்கு காட்டியதால் எல்லாம் சரியாக இருப்பதுபோல் ஒரு தோற்றம் கிடைத்தது. காலத்தின் மிகச் சிறந்த வீரர் ட்ரவுட் அவருக்கு முன்னால் பேஸில் நின்றுகொண்டே இருந்தால் அந்த எண் வரத்தான் செய்யும். வரிசையில் கீழே இறக்கியிருக்கலாம். வலது கை பேட்டரான அவருக்கு எளிதான இடது கைப் பந்துவீச்சாளர்களுக்கு எதிராக மட்டும் இறக்கியிருக்கலாம். வாரத்தில் இரண்டு நாள் உட்காரவைத்திருக்கலாம். பெரிய சம்பளக்காரரை உட்காரவைத்தால் ஒப்பந்தம் தவறு என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்ற தயக்கம் நிர்வாகத்துக்கு இருந்திருக்கும் என்பது என் ஊகம். அவர் அங்கே ஆடிய காலத்தில் அந்த அணி பிளேஆஃப் எனும் இறுதிக்கட்டச் சுற்றுக்குப் போனது 2014இல் ஒரே முறை. அதிலும் ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லை. பந்துவீச்சுப் பஞ்சம் ஆண்டுதோறும் தொடர்ந்ததைப் பற்றி யாரும் அவ்வளவு பேசவில்லை. பழியின் பெரும்பகுதியை அந்த ஒரு சம்பளச் சீட்டின் மேல் இறக்கிவைத்தார்கள்.

2021 மே மாதத்தில், சராசரி 0.198 ஆக இருந்தபோது, ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டிலேயே அவரை அணியிலிருந்து நீக்கினார்கள். முதல் பேஸில் ஜாரட் வால்ஷ் நன்றாக ஆடிக்கொண்டிருந்தார், தடுப்பாட்டம் ஆடாமல் மட்டை மட்டும் பிடிக்கும் நியமன பேட்டர் இடத்தில் ஷோஹெய் ஒஹ்தானி இருந்தார்; முடிவைக் குறை சொல்ல முடியாது. கதை அங்கே முடிந்திருந்தால் ஓய்வு பெற்றிருக்க வேண்டும் என்பவர்களின் வாதம் வென்றிருக்கும். ஆனால் சில நாள்களிலேயே அவரை எடுத்துக்கொண்ட லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ், ஏஞ்சல்ஸ் செய்யாததைச் செய்தது. முக்கியமாக இடது கைப் பந்துவீச்சாளர்களுக்கு எதிராகவும், ஆட்டத்தின் பிற்பகுதியில் தேவைப்படும்போதும் அவரை இறக்கியது. அங்கே 12 ஹோம் ரன்கள் வந்தன. இளைய வீரர்கள் அவரை ஸ்பானிய மொழியில் மாமா என்று உரிமையோடு அழைத்து, பேட்டிங் கூண்டில் அவரிடம் பாடம் கேட்டார்கள்.

அடுத்த ஆண்டு செயின்ட் லூயிஸ் அவரை வெறும் 25 லட்சம் டாலருக்குத் திரும்ப அழைத்தது. செயின்ட் லூயிஸ் ஆடும் தேசிய லீகிலும் நியமன பேட்டர் விதி நிரந்தரமாக்கப்பட்ட ஆண்டு அது. இல்லையென்றால் அவருக்கு அங்கே இடமே இருந்திருக்காது. ஜூலை மாத இடைவேளை வரை 0.215 சராசரியும் 6 ஹோம் ரன்களும்தான். பிறகு நடந்ததை நம்புவதற்கு எனக்கே நேரம் பிடித்தது: எஞ்சிய இரண்டரை மாதங்களில் 18 ஹோம் ரன்கள். செப்டம்பர் 23 அன்று டாட்ஜர்ஸ் மைதானத்தில் இடது கைக்காரர் ஆண்ட்ரூ ஹீனியிடம் தன் 699ஆவது ஹோம் ரனையும், அடுத்த இன்னிங்ஸில் வலது கைக்காரர் ஃபில் பிக்ஃபோர்டிடம் 700ஆவதையும் அடித்தார். பாரி பாண்ட்ஸ், ஹாங்க் ஆரன், பேப் ரூத் ஆகிய மூவருக்குப் பிறகு அந்த எண்ணைத் தொட்டவர் அவர் ஒருவரே. 42 வயதில், 109 ஆட்டங்களில், 0.270 சராசரியோடும் 24 ஹோம் ரன்களோடும் முடித்தார். உடல் திடீரென்று இளமையாகிவிடவில்லை. கால்கள் அதே கால்கள்தான். எப்போது இறக்குவது, எப்போது உட்காரவைப்பது என்று தெரிந்தவர்களின் கையில் அவர் இருந்தார்.

பேஸ்பால் மேதை வில்லி மேஸ் 1973 உலகத் தொடரில் ஓக்லண்டில் தடுமாறி விழுந்ததை, காலம் கடந்து ஆடுபவர்களுக்கு எச்சரிக்கையாக அரை நூற்றாண்டாகச் சொல்லி வருகிறார்கள். அதே ஆட்டத்தின் 12ஆவது இன்னிங்ஸில் அணியை முன்னிலைக்குக் கொண்டுபோன ஹிட்டை அடித்தவரும் 42 வயது மேஸ்தான் என்பதை அவர்களில் பலர் சொல்வதில்லை. நம் நினைவிலுள்ள பிம்பம் கலையக் கூடாது என்பதற்காக ஒரு மனிதர் தனக்குப் பிடித்த வேலையை விட்டுவிட வேண்டும் என்று கேட்பதில், ரசிகர்களாகிய நம் சுயநலம்தான் இருக்கிறது. தொடர்ந்து ஆடியதற்கு உரிய விலையையும் பூஹோல்ஸ் கொடுத்தார். 0.328 ஆக இருந்த சராசரி 0.300க்குக் கீழே இறங்கி, இறுதியில் 0.296 ஆக நின்றது. இனி எந்தப் பட்டியலிலும் அந்த எண்தான் அவர் பெயருக்கு நேரே இருக்கும். அதோடு 703 ஹோம் ரன்களும், ஆரனுக்கு அடுத்தபடியான 2,218 ரன் உந்தல்களும், 3,384 ஹிட்களும் அதே வரியில் இருக்கும். ஏஞ்சல்ஸுக்காக அடித்த 222 ஹோம் ரன்கள் இல்லாமல் இவற்றில் எதுவும் இந்த உயரத்துக்கு வந்திருக்காது.

ஐந்தாண்டுக் காத்திருப்பு முடிந்து, 2028ஆம் ஆண்டுக்கான புகழ்மண்டப வாக்குச்சீட்டில் அவர் பெயர் முதல்முறையாக இடம்பெறும். இதுவரை ஒரு வாக்குகூடக் குறையாமல் தேர்வான ஒரே வீரர் மரியானோ ரிவேரா. டெரக் ஜீட்டருக்கும் இச்சிரோவுக்கும் ஒரே ஒரு வாக்கு குறைந்தது. 2017ஆம் ஆண்டின் எண்களைக் காட்டி பூஹோல்ஸுக்கு வாக்களிக்க மறுக்க நினைக்கும் பத்திரிகையாளர் யாரேனும் இருந்தால், அந்த ஆண்டு அவரை நான்காவது இடத்தில் நாள்தோறும் இறக்கியது யார் என்று முதலில் கேட்டுவிட்டு வாக்குச்சீட்டை நிரப்பட்டும்.