அந்தப் பெண் சொன்ன ‘தெரியலை’

கல்லூரிப் படிப்பு பற்றிய அந்த வழிகாட்டல் கூட்டத்தின் நேரலைத் துணுக்கை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். மூன்று முறை பார்த்துவிட்டேன். பார்க்காதவர்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ‘எனக்கு என்ன பிடிக்கும்னு இன்னும் தெரியலை சார், எந்தக் காலேஜ், என்ன படிக்கிறதுன்னு எப்படி முடிவு பண்றது?’ என்று ஒரு மாணவி கேட்டாள். ‘17 வயசாச்சு, இன்னுமா தெரியலை?’ என்றார் பதில் சொல்ல வந்தவர். அரங்கமே சிரித்தது. அவர் சொன்னதைக்கூட விட்டுவிடுவேன். அந்தச் சிரிப்பைத்தான் பொறுக்க முடியவில்லை.

தெரியலை என்பதும் ஒரு பதில்தான். அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்! பள்ளிக்கூடத்தில் அவள் பார்த்தது ஐந்தாறு பாடங்கள். புள்ளியியல், மொழியியல், மானிடவியல், புவியியற்பியல் எல்லாம் தனித்தனித் துறைகளாக இருக்கின்றன என்பதை யாராவது அவளிடம் சொன்னார்களா? பெயரே கேட்டிராத ஒன்று பிடிக்குமா பிடிக்காதா என்று எப்படிச் சொல்வாள்? பிடித்த பாடம் என்று அந்த வயதில் நாம் நினைப்பது பல சமயம் பிடித்த ஆசிரியராகத்தான் இருக்கும்.

17 வயதில் தெரிந்திருக்க வேண்டும் என்பது இயற்கையின் விதியா என்ன? இங்கிலாந்தில் விண்ணப்பிக்கும்போதே பெரும்பாலும் பாடத்தைச் சொல்லிவிட வேண்டும். பக்கத்திலேயே இருக்கும் ஸ்காட்லாந்தில் ஹானர்ஸ் பட்டம் 4 ஆண்டு. பல படிப்புகளில் முதல் இரண்டு ஆண்டு வேறு பாடங்களையும் சேர்த்துப் படித்துப் பார்த்துவிட்டு, அப்புறம் ஒன்றில் நிற்கலாம். அமெரிக்காவில் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் மேஜரை, அதாவது முதன்மைப் பாடத்தை, சொன்னால் போதும். மருத்துவக் கல்லூரிக்கே அங்கே பொதுவாக ஒரு பட்டம் முடித்த பிறகுதான் போகிறார்கள். ஆக, இதே பெண் ஓர் எல்லையைத் தாண்டிப் போய் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் ஒருவரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

சரி, ‘தெரியும்’ என்று சொன்னவர்கள் கதை என்ன? 2011-12இல் கல்லூரியில் சேர்ந்தவர்களைப் பற்றி அமெரிக்க அரசின் கல்விப் புள்ளிவிவர மையம் 2017இல் ஒரு கணக்கு வெளியிட்டது. மேஜரை அறிவித்திருந்தவர்களில் சுமார் 30 சதவீதம் பேர் மூன்று ஆண்டுக்குள் ஒரு தடவையாவது அதை மாற்றியிருந்தார்கள். இளங்கலையில் கணிதத்தை எடுத்தவர்களில் 52 சதவீதம். இவர்கள் எல்லோரும் அந்தச் சாரிடம் ‘எனக்குத் தெரியும்’ என்று சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கக்கூடியவர்கள்.

நான் ‘தெரியும்’ என்று பொய் சொன்னவள். என்ன படிக்கப் போகிறாய் என்று சித்தப்பா கேட்டதும் கெமிஸ்ட்ரி என்றேன். அதில்தான் மார்க் அதிகம், வேறு காரணம் இல்லை. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. மூன்றாம் செமஸ்டர் லேபில் ஒரே டைட்ரேஷனை (ஒரு கரைசலின் செறிவை அளக்கும் சோதனை) மூன்று தடவை செய்தால் மூன்று அளவு வந்தது. மற்றவர்கள் சராசரி போட்டு நோட்டை மூடினார்கள். என் மனசு மட்டும் ‘ஏன் இவ்வளவு விலகுகிறது, எவ்வளவு விலகினால் இந்த எண்ணை நம்பலாம்’ என்பதிலேயே போய் நின்றது. அதைப் படிக்கவென்று புள்ளியியல் என்று ஒரு துறை இருக்கிறது, அதுவும் அதே கட்டடத்தின் மேல்மாடியில் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. மாறிக்கொள்ளலாமா என்று அலுவலகத்தில் கேட்டேன். சேர்ந்த முதல் மாதத்திலேயே கேட்டிருக்க வேண்டும் என்றார்கள். இப்போது மாறினால் முதலாம் ஆண்டிலிருந்து தொடங்க வேண்டும், உதவித்தொகையும் நின்றுவிடும். சேரும்போது இதை யாரும் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. மிச்சம் மூன்று செமஸ்டரும் வேண்டுமென்றே மேல்மாடி வழியாகச் சுற்றி வருவேன். கதவு திறந்திருந்தால் கரும்பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நிமிடம் நின்று பார்ப்பேன்.

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். முடிவாகாத பிள்ளை பாடத்துக்கு முன்னால் கல்லூரியைப் பார்க்க வேண்டும். கல்லூரியின் பெயரையோ கட்டடத்தையோ சொல்லவில்லை, விதிகளைச் சொல்கிறேன். துறை மாற எந்த செமஸ்டர் வரை விடுவார்கள்? படித்து முடித்த பாடங்களுக்கான கிரெடிட், அதாவது பட்டக் கணக்கில் சேரும் புள்ளிகள், கூடவே வருமா? உதவித்தொகை தொடருமா? வேறு துறையில் எலெக்டிவ் (விருப்பப் பாடம்) எடுக்கலாமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். மனதில் இருக்கும் இரண்டு துறைகளின் முதலாம் ஆண்டு சிலபஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாதி ஒன்றாக இருந்தால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது பெரிய இழப்பாக இருக்காது. கணிதத்திலோ புள்ளியியலிலோ அடித்தளம் இருந்தால் பொருளாதாரத்துக்கும் கணினிக்கும் பிறகு போவது எளிது. எதிர்த்திசையில் வருவது கஷ்டம். நர்சிங், கட்டடக்கலை மாதிரித் தொழில் உரிமத்தோடு கட்டிய படிப்புகளில் நடுவில் நுழைவது இன்னும் கஷ்டம். அவற்றில் கொஞ்சமாவது ஆசை இருந்தால் அதை மட்டும் முன்கூட்டியே யோசித்தாக வேண்டும்.

‘பணம் இருக்கிறவர்கள் பேசுகிற பேச்சு இது’ என்று எழுதப் போகிறீர்கள், தெரியும். இந்த ஒரு எதிர்வாதத்துக்கு நான் தலைவணங்குகிறேன். ஓர் ஆண்டு கூடுதலாகப் படிக்கக் கடன் வாங்க வேண்டிய வீட்டுப் பிள்ளையிடம் ‘போய்த் தேடிப் பார்’ என்று என்னால் லேசாகச் சொல்லிவிட முடியாது. நானும் உதவித்தொகைக்குப் பயந்துதான் மாறாமல் இருந்தேன். ஆனால் அதனால்தானே சொல்கிறேன்! வசதியுள்ள வீட்டுப் பிள்ளை தப்பான படிப்பிலிருந்து எப்படியாவது வெளியே வந்துவிடும். வசதியில்லாத பிள்ளைக்குத்தான் மாற விடும் கல்லூரி வேண்டும். அந்தப் பிள்ளையைப் பார்த்துத்தான் சிரிக்கவே கூடாது.

‘சின்ன வயதிலேயே தெளிவாக இருந்தவர்கள்தான் சாதித்தார்கள்’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். விஞ்ஞானி வெங்கி ராமகிருஷ்ணன் 1976இல் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கினார். வாங்கிவிட்டு, உயிரியல் படிக்க மறுபடி மாணவராகவே போய் உட்கார்ந்தார். 2009இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது வேதியியலில். இதற்கு மேல் அந்த நண்பருக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

உண்மையில் எனக்குக் கோபம் அந்தச் சார் மேல்கூட இல்லை. சிரித்தவர்களில் பாதிப் பேர் பெற்றோர். அவர்களில் எத்தனை பேர் தாங்கள் படித்ததையே வேலையாகச் செய்கிறார்கள்? எங்களுக்கும் அன்று தெரியவில்லை என்று பிள்ளையிடம் ஒரு தடவை சொன்னால் என்ன குறைந்துவிடும்? என் சித்தப்பா அன்று ‘தெரியலைன்னா பரவாயில்லை’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் கெமிஸ்ட்ரி என்று சொல்லியிருக்க மாட்டேன். இத்தனை வருஷம் கழித்து இதை எழுதும்போதும் தொண்டை அடைக்கிறது.

தங்கச்சி, இந்தப் பதிவு எப்படியாவது உன் கண்ணில் பட்டால் ஒன்று கேட்க வேண்டும். சிரிப்பு அடங்குவதற்குள் நீ ‘அப்புறம் இன்னொன்னு சார்’ என்று ஆரம்பித்தாய். மைக்கை வாங்கிவிட்டார்கள். அது என்ன கேள்வி? உள்பெட்டியில் எழுது. பதில் தெரிந்தால் சொல்கிறேன், தெரியாவிட்டால் தெரியலை என்று சொல்கிறேன்.