எழுதியது யார் என்று சொல்லியிருக்க வேண்டும்

டேட்டிங் செயலியில் அறிமுகமாகி எழுபது நாள்கள் எனக்குக் கடிதம் அனுப்பிவந்தவரை ஞாயிற்றுக்கிழமை மாலை புதுச்சேரி கடற்கரைச் சாலையில் சந்தித்தேன். அந்தக் கடிதங்களை அவருக்கு ஏஐ, அதாவது செயற்கை நுண்ணறிவு, எழுதிக் கொடுத்தது என்பது அங்கேதான் எனக்குத் தெரிந்தது. நடந்தது இங்கிருக்கும் பலருக்கும் தெரியும் என்பதால் அதை மறுபடி முழுவதும் விவரிக்கப் போவதில்லை. ஆனால் அன்று முதல் எனக்கு வந்துகொண்டிருக்கும் அறிவுரைகளுக்கு ஒரு முறையாவது பதில் சொல்லிவிட வேண்டும். "நல்ல பையன், நிலையான வேலை, குடிப்பழக்கம் இல்லை, கடிதத்தை ஏஐ எழுதிக் கொடுத்தால் என்ன குறைந்துவிட்டது?" என்று கேட்டவர்களில் என் சொந்த அத்தையும் இருக்கிறார், கூடப் படித்தவர்களும் இருக்கிறார்கள். கடிதம் அனுப்பியவர் உதவி வாங்கிக்கொண்டதில் எனக்குக் கோபம் இல்லை. எழுதியது தான் இல்லை என்பதை அவர் சொல்லியிருக்க வேண்டும். அந்த எழுபது நாள்களில் வந்த கடிதங்களில் ஒன்றில்கூட அவர் அதைச் சொல்லவில்லை.

கடற்கரையிலும் அவர் தாமாகச் சொல்லவில்லை. காந்தி சிலைக்கு அருகே உட்கார்ந்திருந்தபோது, 'தானே' புயலைப் பற்றி அவர் எழுதியிருந்த ஒரு பத்தியை நான் நினைவுபடுத்தினேன். அவருக்கு நினைவில்லை. எனக்கு மனப்பாடமாகியிருந்ததால் முழுவதையும் சொல்லிக் காட்டினேன். அப்போதும் நினைவில்லை. பிறகுதான், "அது ஏஐ போட்டுக் கொடுத்ததுங்க. வேலைக்கு பயோடேட்டா தயார் பண்றதில்லையா, அது மாதிரிதானே?" என்றார்.

அந்தப் பத்தி எதைப் பற்றியது என்பதைச் சொன்னால்தான் என் நிலை புரியும். என் அப்பா கடலூரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரம் எழுதினார். 2011 டிசம்பர் 30 அன்று காலையில் தானே புயல் எங்கள் கரையைக் கடந்தபோது, அவர் உட்கார்ந்து எழுதிய கொட்டகையின் ஓடுகள் பறந்துவிட்டன. அலமாரியில் இருந்த நகல்கள் எல்லாம் நனைந்து கூழாகிக் கிடந்தன. மின்சாரம் இல்லாத அந்த நாள்களில், மிஞ்சிய தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மாடியில் வெயிலில் பரப்பி, பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு கூழாங்கல் வைத்துக்கொண்டிருந்தார். "அடுத்தவங்க வீட்டுப் பத்திரம், நான் பதில் சொல்லணும்" என்பதைத் தவிர அவர் வேறு எதுவும் பேசவில்லை. இதை நான் வேறு யாரிடமும் சொன்னதில்லை. செயலியில் அறிமுகமானவரிடம் மட்டும் சொன்னேன். மறுநாள் காலையில் வந்த பதிலை நோட்டுப்புத்தகத்தில் என் கையால் படி எடுத்து வைத்தேன். அப்பா இறந்த பிறகு அவரைப் பற்றி யாரோ ஒருவர் சரியாகப் புரிந்துகொண்டார் என்று நம்பினேன். அப்படி யாருமே இல்லை என்பதுதான் ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தெரிந்தது.

"அந்தக் காலத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அடுத்தவரை வைத்துக் கடிதம் எழுதவில்லையா?" என்று ஒரு அண்ணன் கேட்டார். எழுதினார்கள். என் பாட்டியும் எழுதினார். பண்ருட்டிப் பக்கத்திலிருந்து பாட்டி சொல்லச் சொல்ல, அடுத்த வீட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளை எழுதிக் கொடுத்த கடிதங்கள் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இன்றும் இருக்கின்றன. ஒவ்வொன்றின் கடைசியிலும், "இக்கடிதம் எழுதும் இன்னாரின் வணக்கங்கள்" என்று எழுதியவர் தம் பெயரைப் போட்டிருக்கிறார். யார் சொன்னது, யார் எழுதியது என்பதில் படிப்பவருக்குக் குழப்பமே வரக்கூடாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பத்திரத்திலும் அப்படித்தான்: விற்பவர் கையெழுத்து, சாட்சிகள் கையெழுத்து, அதன் கீழே தயாரித்தவர் என்று என் அப்பாவின் பெயரும் உரிம எண்ணும் இருக்கும். சோழர் காலக் கல்வெட்டுகளின் முடிவில்கூட "இவை இன்னான் எழுத்து" என்று வெட்டியிருக்கிறார்கள். கல்லிலேயே சொன்ன ஊரில், கைப்பேசியில் ஒரு வரி சொல்வதற்கு என்ன தடை?

அடுத்த கேள்வி, "நீயே ஏஐ வைத்துத்தானே சம்பாதிக்கிறாய்?" என்பது. இதைக் கேட்டவர்களுக்கு என் வருமானம் எவ்வளவு என்பது தெரியாது. நான் பதினோரு ஆண்டுகளாக மொழிபெயர்ப்பாளர். சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30 அன்று வெளியானது. அதற்கு அடுத்த ஆண்டே, எனக்குத் தொடர்ந்து வேலை கொடுத்துவந்த ஓர் ஏஜென்சி, இனி முழு மொழிபெயர்ப்பு தேவையில்லை, இயந்திரம் செய்ததைச் சரிபார்த்துக் கொடுத்தால் போதும் என்று சொல்லி, சொல்லுக்கு ஒரு ரூபாய் இருபது பைசாவாக இருந்த கூலியை முப்பத்தைந்து பைசாவாக்கியது. இயந்திரத் தமிழைச் சீராக்குவது புதிதாக மொழிபெயர்ப்பதைவிடக் கடினம் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். எழுவாயும் பயனிலையும் சரியாக இருக்கும், வாக்கியத்தில் மட்டும் தமிழ் இருக்காது. பாதியைக் கலைத்துத்தான் கட்ட வேண்டும். அம்மாவின் மருந்துச் செலவும் வீட்டு வாடகையும் இருப்பதால் நான் ஒப்புக்கொண்டேன். ஆனால் ஒவ்வொரு பில்லிலும் "இயந்திர மொழிபெயர்ப்பு, திருத்தியது" என்றுதான் எழுதுகிறேன். ஒரு மருந்தின் குறிப்பைத் தமிழாக்குவதற்கே எழுதியது யார் என்று சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கும்போது, கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் ஒருத்திக்கு அதைச் சொல்லாமல் இருப்பது எப்படிச் சிறிய விஷயமாகும்?

அந்த வரிகளில் நான் எப்படி ஏமாந்தேன் என்று வியப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1966இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஜோசப் வைசன்பாம் என்பவர் எலிசா என்ற நிரலை வெளியிட்டார். நாம் தட்டச்சு செய்வதையே திருப்பிக் கேள்வியாகக் கேட்பதைத் தவிர அதற்கு எதுவும் தெரியாது. அது உருவாவதைப் பல மாதங்கள் கூடவே இருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதனுடன் சிறிது நேரம் பேசிய பின், தனியாகப் பேச வேண்டும் என்று அவரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னாராம். எதிரே இருப்பது இயந்திரம் என்று தெரிந்தே அந்தப் பெண்ணுக்கு அப்படி ஆனது. எனக்கு அது தெரிந்திருக்கவே இல்லை. இன்றைய இயந்திரமோ, கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, அடுத்து எந்தச் சொல் வரும் வாய்ப்பு அதிகம் என்று கணக்கிட்டு எழுதுகிறது. அப்பாவை இழந்த மகளிடம் எதைச் சொன்னால் ஆறுதலாக இருக்கும் என்பது அந்தக் கணக்கில் தவறாமல் வந்துவிடுகிறது. பம்பிள் என்ற டேட்டிங் செயலியைத் தொடங்கிய விட்னி வுல்ஃப் ஹெர்டு, நம்முடைய ஏஐ உதவியாளரும் இன்னொருவருடைய ஏஐ உதவியாளரும் நமக்காக முன்கூட்டியே பேசிப் பொருத்தம் பார்க்கும் காலம் வரலாம் என்று 2024இல் ஒரு மேடையில் சொன்னார். அந்தச் செய்தியைப் படித்தபோது அது எங்கோ தொலைவில் நடக்கப்போவது என்று நினைத்திருந்தேன். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்த சட்டத்தில், ஒருவர் இயந்திரத்தோடு பேசிக்கொண்டிருந்தால் அதை அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. அது நிறுவனங்களுக்கான சட்டம், நம் வீட்டுக் கடிதத்துக்கு வராது என்பது எனக்கும் தெரியும். மனிதருக்கு மனிதர் சொல்லிக்கொள்ள வேண்டியதற்கும் சட்டம் வந்தால்தான் ஆகுமா?

"உன் தமிழைப் பார்த்துப் பயந்திருப்பான்" என்று தோழி ஒருத்தி சொன்னாள். வந்த பதில்களில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது இது ஒன்றுதான். உண்மையாகவே இருக்கலாம். அவர் படித்தது முழுக்க ஆங்கில வழியில், வேலை கணக்கு மென்பொருளில். ஆனால் பிழை திருத்துவது என் பிழைப்பு, காசு வாங்கிக்கொண்டு செய்வது. எனக்கு வரும் கடிதத்தில் நான் சந்திப்பிழை தேடுவேன் என்று அவர் எப்படி முடிவுசெய்தார்? "சாப்டீங்களா" என்று ஒரு சொல் எழுதியிருந்தாலும் அது அவருடையதாக இருந்திருக்கும்.

இவ்வளவு பேரும் பேசாமல் விட்ட ஒன்று இருக்கிறது. ஏஐ பதில் எழுத வேண்டுமென்றால் அதற்கு என் கடிதத்தைக் கொடுத்திருக்க வேண்டும். அப்பாவைப் பற்றி, அம்மாவின் நோயைப் பற்றி, முன்பு ஒருமுறை நிச்சயம் வரை வந்து நகைப் பேச்சில் நின்றுபோன கல்யாணத்தைப் பற்றி நான் எழுதியதையெல்லாம் என்னைக் கேட்காமல் எடுத்துக்கொண்டுபோய் ஒட்டியிருக்கிறார். அதைக் கேட்டபோது, "எல்லாரும் செய்றதுதானே" என்றார். முப்பத்தாறு வயதில் இதையெல்லாம் பார்க்கக்கூடாது என்று அத்தை சொல்கிறார். எந்த வயதுக்கு மேல் பார்க்கக்கூடாது என்பதை யாராவது எனக்குச் சொன்னால் நன்றாக இருக்கும். அன்று கடலூர்ப் பேருந்தில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, அரியாங்குப்பம் தாண்டும்வரை அந்த எழுபது நாள்களில் நான் அனுப்பியவற்றை மட்டும் திரும்பப் படித்துக்கொண்டு வந்தேன். அவற்றில் இருந்த ஒவ்வொரு வரியும் நான் எழுதியது.

நேற்றிரவு அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. நான்கு வரிகள். "இதை நானே எழுதுகிறேன்" என்று தொடங்குகிறது, மன்னிப்புக் கேட்கிறது. "மன்னித்து" என்பதில் ஒற்று விட்டுப்போயிருக்கிறது, "வருத்தம்" என்பதில் ற போட்டிருக்கிறார். அதை நம்ப வேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன். ஆனால் பிழையோடு எழுதித் தா என்று கேட்டால் அதையும் அந்த இயந்திரம் எழுதித் தரும் என்பது என் தொழிலில் எனக்குத் தெரிந்திருக்கிறது. அந்த நான்கு வரிகளை இதுவரை பத்து முறையாவது படித்திருப்பேன். பதில் இன்னும் அனுப்பவில்லை.