வெறும் பைக்கு 300 ரூபாய்

தூண்டில் போடுவதற்கும் நுழைவுக் கட்டணம் கேட்கும் காலம் வந்துவிட்டது. கும்பகோணத்துக்குக் கிழக்கே, வயலை வெட்டிக் குளமாக்கியிருக்கும் ஓரிடத்தில், மூன்று மணி நேரத்துக்கு 300 ரூபாய் கட்டிவிட்டு, மண்புழு கோத்த முள்ளை நீரில் இறக்கி, மயிலிறகுத் தக்கையையே பார்த்தபடி சென்ற ஞாயிறன்று உட்கார்ந்திருந்தேன். தக்கை ஒருமுறைகூட அசையவில்லை. காரணம் புறப்படும்போதுதான் தெரிந்தது: விடியற்காலையிலேயே தவிடும் கடலைப் புண்ணாக்கும் பிசைந்து மீன்களுக்கு வயிறு முட்டப் போட்டிருந்தார்களாம்.

கட்லாவும் ரோகுவும் அவர்கள் குஞ்சு வாங்கி விட்டவை. பிடித்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று தனியாகக் கேட்பதில்கூட நியாயம் உண்டு. நீலகிரி ஓடைகளின் ட்ரவுட்டுக்குக் கட்டணம் என்றாலும், வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து வளர்த்த மீன் என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். ஆனால், மேட்டூர் திறந்ததும் வாய்க்கால் தண்ணீரோடு தானாக ஏறிவரும் விராலுக்கும் கெளுத்திக்கும் எந்தக் கணக்கில் காசு? கேட்டதற்கு, "மடை எங்களுடையதுங்க" என்றார் காவலுக்கு இருந்தவர். அரசலாற்றுப் படித்துறையில் காலணா செலவில்லாமல் கெண்டை பிடித்துப் பழகிய நான், வெறும் பையைச் சுருட்டிக்கொண்டு, வண்டி நிறுத்தியதற்கு இன்னொரு 20 ரூபாயும் எடுத்துக் கொடுத்தேன்.