பேஸ்ட் பல்லுக்கு, தீக்காயத்துக்குத் தண்ணீர்

தீபாவளி நெருங்கினால் அந்த வாட்ஸ்அப் செய்தியும் வந்துவிடும்: "பட்டாசு சுட்டால் தண்ணீர் படக்கூடாது, கொப்புளம் வரும், உடனே பேஸ்ட்டோ இங்க்கோ தடவுங்கள்." தவறு.

கொப்புளம் வருவது சூடு தோலுக்குள் எவ்வளவு ஆழம் போனது என்பதைப் பொறுத்தது, தண்ணீரால் அல்ல. நெருப்பை விட்டுக் கையை எடுத்த பிறகும் தோலுக்குள் சூடு இருந்துகொண்டேதான் இருக்கும், அதை இறக்கத்தான் குழாயைத் திறந்துவிட்டு 20 நிமிடம் கையைக் காட்டச் சொல்கிறார்கள் மருத்துவர்கள் (இரண்டு நிமிடத்தில் எரிச்சல் குறைந்ததும் எடுத்துவிடுவோம், அங்கேதான் கோட்டை விடுகிறோம்). சுட்ட உடனே முடியவில்லையா, 3 மணி நேரத்துக்குள் செய்தாலும் பலன் உண்டு. மோதிரம், வளையலை வீங்குவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள். தோலோடு ஒட்டிய துணியை மட்டும் பிய்க்காதீர்கள்.

பேஸ்ட் குளுகுளுவென்று இருக்கும், சரி. ஆனால் புண்ணை எரிச்சலாக்கும், இங்க் காயத்தின் ஆழத்தையே மறைத்துவிடும், அப்புறம் மருத்துவமனையில் அதைச் சுரண்டி எடுக்கும்போது பிள்ளை கத்துவதை யார் பார்ப்பது? ஐஸும் வேண்டாம், ரத்த ஓட்டத்தைக் குறைத்துக் காயத்தை ஆழமாக்கும்.

முகம், கை, கண் என்றால் யோசிக்காமல் 108. கண்ணைக் கசக்கவே கூடாது.

இன்னொன்று, "கம்பி மத்தாப்புதானே" என்று சின்னக் குழந்தை கையில் கொடுப்பது. அது கிட்டத்தட்ட 1000 டிகிரி செல்சியஸில் எரிகிறது, அணைந்த கம்பியும் காலைச் சுடும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்து அதில் போடுங்கள்.