எத்தனை வருடம் நன்றி சொல்ல வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை பரிசளிப்பு விழாவில் எடுத்து நான் போட்ட படங்களுக்கு வாழ்த்துச் சொன்ன எல்லோருக்கும் அன்பு. மேடையில் பரிசு கொடுத்த பெரியவர் பேசியதை நேரில் கேட்டவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். மூன்று நாளாக மனசு ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அக்கா மகள் பிளஸ் டூவில் 600-க்கு 571. ஷீல்டைக் கொடுத்துவிட்டு மைக்கில் அவர் சொன்னது: “நம்ம நாட்டை நம்பி வந்தவங்க. நம்ம சோறு சாப்பிட்டுப் படிச்ச பொண்ணு. அந்த நன்றிய மறக்கக் கூடாது.” பரிசு வாங்கிய பதினொரு பிள்ளைகளில் இவள் ஒருத்திக்குத்தான் இந்த அறிவுரை.

அவள் எங்கிருந்தும் வரவில்லை. தர்மபுரியில் பிறந்தவள். நானும் இங்கேதான் பிறந்தேன், 1992-ல். அகதிகளாகப் படகில் வந்தவர்கள் அப்பாவும் அம்மாவும் நாலு வயது அக்காவும். 1990-ல் இலங்கையின் மன்னாரிலிருந்து ராமேஸ்வரம், அப்புறம் மண்டபம் முகாம், அங்கிருந்து பஸ்ஸில் ஏற்றித் தர்மபுரியில் தும்பலஹள்ளி அணைப் பக்கம் இருக்கிற முகாமில் கொண்டுவந்து இறக்கினார்கள். மீனும் சோறுமாக வளர்ந்த அம்மாவுக்குக் களி கிண்டச் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து ஊர் ஆயா ஒருவர். முதல் நாள் அம்மா களியை மென்றுகொண்டிருந்ததைப் பார்த்து, “மெல்லாத கண்ணு, அப்படியே முழுங்கு” என்று சிரித்தாராம். அந்த ஆயாவைப் பற்றிப் பேசினால் அம்மாவுக்கு இன்றும் கண் கலங்கும். நன்றி இல்லாதவர்களா நாங்கள்?

“அரசாங்கம் வீடு கட்டித் தருதே, மாசாமாசம் பணம் தருதே” என்பீர்கள். தருகிறது. 2021-ல் குடும்பத் தலைவருக்கு 1000 ரூபாயாக இருந்ததை 1500 ஆக்கினார்கள், அகதி முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். யார் இல்லை என்றது? ஆனால் அந்தப் பணத்தில் மட்டுமா நாங்கள் வளர்ந்தோம்? அப்பா பெங்களூரில் கயிற்றில் தொங்கி அடுக்குமாடிகளுக்குப் பெயிண்ட் அடித்தார். முகாமில் செக்கிங் என்றால் ராத்திரி பஸ் பிடித்து ஓடி வருவார். வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) முன்னால் போய் நின்று முகம் காட்ட வேண்டும். நகக்கண்ணில் ஏறிய பெயிண்ட் தின்னர் போட்டுத் தேய்த்தும் போகாது. அவரைப் புதைத்தபோதும் வலது கட்டைவிரலில் பச்சை இருந்தது. அவள் சாப்பிட்டது அந்தக் கையின் சோறு.

இந்த வீடும் பணமும் உள்ளூர் ஏழைகளுக்கே இல்லையே என்று கேட்டால் அது நியாயமான வருத்தம்தான். ஆனால் அவர்களுடையதை நாங்கள் பறித்துக்கொள்ளவில்லை.

“நல்ல மனசிலதான் சொன்னாரு” என்கிறார்கள். அந்தப் பெரியவருடைய மகன் கனடாவில் இருக்கிறார். நிரந்தரமாகத் தங்க அனுமதி வாங்கியவர் ஐந்து வருடத்தில் 1,095 நாள் அங்கே இருந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். மகனுக்கு அது கிடைத்தபோது தெருவுக்கே லட்டு கொடுத்தார். நானும் சந்தோஷமாகத்தான் சாப்பிட்டேன். அங்கே படிக்கும் அவர் பேத்தியை மேடையேற்றி, எங்கள் ரொட்டியைத் தின்றவள் என்று ஒருவர் சொன்னால் அவருக்கு வலிக்காதா?

எனக்கு அந்த 1,095 நாள் பதினொரு தடவை முடிந்துவிட்டது. 1987 ஜூலை 1-க்கு முன்னால் இங்கே பிறந்திருந்தால் பிறப்பாலேயே இந்தியக் குடிமகள் ஆகியிருப்பேன். அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அப்பா அம்மாவில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2019-ல் பக்கத்து நாடுகளிலிருந்து வந்தவர்களுக்காகக் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோதும் இலங்கையைச் சேர்க்கவில்லை. எனக்கு ஓட்டு இல்லை, இந்தியப் பாஸ்போர்ட் இல்லை. இவளுக்கும் அப்படித்தான் ஆகப்போகிறது. எங்கள் மூன்றாவது தலைமுறை இது, ஐயா. இன்னும் எத்தனை வருடம் விருந்தாளியாகவே வைத்திருப்பீர்கள்?

வீட்டுக்கு வந்துதான் ஷீல்டைச் சரியாகப் பார்த்தேன். மற்ற பிள்ளைகளின் ஷீல்டில் பெயருக்குக் கீழே பள்ளிக்கூடத்தின் பெயர். இவளுடையதில் ‘இலங்கை அகதி முகாம்’ என்று தங்க நிற எழுத்து. அவள் ஒன்றும் பேசவில்லை. பழைய நோட்டு லேபிள் ஒன்றை எடுத்து, அதில் பள்ளிக்கூடத்தின் பெயரை எழுதி, அந்த வரியின் மேல் ஒட்டினாள். ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடியே, “சித்தி, கொஞ்சம் பசை இருக்கா?” என்று கேட்டாள்.