ஒரே நாளில் மாவட்டத்தையே முடித்துவிடும் விருந்தினர்கள்

வெளியூரிலிருந்து வரும் உறவினர்கள் "நிம்மதியாக ஒரு நாள் சுற்றிப் பார்ப்போம்" என்று சொல்லும்போதே எனக்கு வயிற்றைக் கலக்கிவிடுகிறது. அந்த நிம்மதியான நாள், கன்னியாகுமரிக் கடற்கரையில் சூரிய உதயத்தோடு தொடங்கி, விவேகானந்தர் பாறைக்கான படகு வரிசை, பத்மநாபபுரம் அரண்மனை, மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு அருவி என்று மூச்சிரைக்க ஓடி, மாலையில் மருந்துவாழ் மலையிலும் ஏறியே தீருவோம் என்ற பிடிவாதத்தில் வந்து நிற்கும். விடுமுறைக் காலத்தில் படகு வரிசை ஒன்றே பாதி நாளைத் தின்றுவிடும் என்று சொன்னால், உள்ளூர்க்காரருக்குச் சோம்பல் என்கிறார்கள்.

அரண்மனையின் கருந்தரை, தேங்காய்ச் சிரட்டைக் கரியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்ததாகச் சொல்லப்படுவது, இன்றும் முகம் தெரியுமளவுக்குப் பளபளக்கிறது, வெறுங்காலில் அதன் குளிர்ச்சியை உணர்வதற்குள் "அடுத்தது எங்கே?" என்ற குரல் வந்துவிடும். (திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை என்று முன்கூட்டியே சொல்வதையும் யாரும் காதில் வாங்குவதில்லை.) பரளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில், 1966ஆம் ஆண்டு முதல் பாசன நீரைக் கடத்திவரும் தொட்டிப்பாலத்தில், காற்று வாங்கியபடி மறுகரை வரை மெதுவாக நடந்து திரும்புவதே ஒரு சுகம். இவர்களோ நுழையும் இடத்திலேயே நாலைந்து செல்ஃபி எடுத்துக்கொண்டு, வண்டிக்குத் திரும்பி, ஹாரன் அடித்து என்னை அழைக்கிறார்கள். திற்பரப்பில் தலை முழுதாக நனையுமுன்பே துண்டை நீட்டுகிறார்கள். ஜப்பானில் வெந்நீர் ஊற்றுக்குள் கழுத்தளவு அமர்ந்து மனிதர்கள் எவ்வளவு நிதானமாகப் பொழுதைக் கழிக்கிறார்கள் என்று வழிநெடுக வியந்து பேசியவர்களும் இவர்கள்தாம் என்பதே எரிச்சலின் உச்சம்.