ஜி.பி.ஓ. சுவருக்கு சிமென்ட் ஆகாது

சென்னை ராஜாஜி சாலையில் இருக்கும் ஜி.பி.ஓ.வை, அதாவது பொதுத் தபால் நிலையத்தை, பாரம்பரியக் கட்டடம் என்று பெருமையாகச் சொல்கிறோம். அப்படியென்றால் மராமத்தும் அந்தக் காலப் பொருளில்தான் நடக்க வேண்டும். ஒரு கரண்டி சிமென்ட்கூட அந்தச் சுவரில் படக்கூடாது என்பதே என் வாதம்.

1786 ஜூன் 1-ல், ஆர்ச்சிபால்ட் காம்ப்பெல் கவர்னராக இருந்தபோது கோட்டையில் தொடங்கிய தபால் ஆபீஸ் இது. இடம் மாறி மாறி இருந்துவிட்டு 1884-ல்தான் இந்தக் கட்டடத்துக்கு வந்து சேர்ந்தது. வடிவமைத்தவர் ராபர்ட் சிஸம். சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸும் திருவனந்தபுரம் நேப்பியர் மியூசியமும் அவருடைய கைவண்ணம்தான். 125 அடிக் கோபுரங்களின் உச்சிக்கு அவர் கொடுத்த கேரளச் சாயலுக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

அந்தக் காலச் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் ஈரத்தை உறிஞ்சி, வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். எதிரே துறைமுகம், காற்றில் எப்போதும் உப்பு. மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். உப்பு செங்கல்லுக்குள் படிகமாகி விரியும். கொஞ்ச நாளில் பூச்சு உப்பி, பின்னால் இருக்கும் செங்கல்லையும் பெயர்த்துக்கொண்டு பாளம் பாளமாக விழும். ‘பழைய சுவர், அதான் உதிருது’ என்பார்கள். சுவர்மேல் குற்றமே இல்லை! காற்றுப் புகாத பெயின்ட் அடித்தாலும் இதே கதிதான்.

முறையான வேலைக்குப் பொறுமை வேண்டும். சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டு நீற்றி, வாரக்கணக்கில் தண்ணீருக்குள் ஊறவிட வேண்டும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை, மூன்று பங்கு ஆற்று மணல். நம்மூர்க் கொத்தனார்கள் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்ப்பார்கள். மெல்லிசாக, அடுக்கடுக்காகப் பூசி, ஈரச் சாக்குப் போட்டு நிழலில் காயவிட வேண்டும். அவசரப்பட்டால் வெடிப்பு நிச்சயம்.

2000-ல் தீப்பிடித்துப் பெரும் சேதத்தைப் பார்த்த கட்டடம் இது. இதுபோன்ற இடங்களில் தேக்கு உத்தரம் மேலே கரியாகியிருந்தாலும் உள்ளே திடமாக இருக்கக்கூடும். சுரண்டிப் பார்த்து முடிவெடுக்காமல் தூக்கிப்போடுவது அநியாயம்.

இடுக்கில் முளைக்கும் அரசங்கன்றை வெட்டினால் மட்டும் போதாது. வேரையும் எடுத்து, அந்தப் பொந்தைக் காரையால் அடைக்க வேண்டும். மழைநீர்க் குழாய்களைப் புரட்டாசிக்குள் தூர்வாரிவிடலாம். பூச்சு வேலைக்கான டெண்டரை மட்டும் மழைக்காலத்தை ஒட்டி விடாதீர்கள், தை பிறந்ததும் விடுங்கள்.